ஆறு பத்து வரை

ஆறு பத்துக்கு வால்வைத் திறந்துடுவேன் என்றார் ஜோகி.
அப்புறம் இது ஏரியாக இராது,
கீழே பதினாலு தெருவுக்குக் குடமாகிவிடும்.
எடுக்கிறதை அதுக்குள்ள எடுத்துக்கம்மா.

ஐந்தேகால்.
முக்காலியின் ஒரு கால்
அணைக்கரைச் சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது.
வழியில் கிடந்த ஓட்டுத் துண்டை அதற்கடியில் கொடுத்தேன்.

கோத்தகிரிக்கு மேலே எல்லோருக்கும் அது கோட்டை.
போர் பார்த்த கோட்டையல்ல.
வெயில் தாங்காமல் மலையேறி வந்த ஒரு துரை
தன் ஊர் ஞாபகத்துக்கு
இரண்டு கொத்தளமும் பல்வரிசை மதிலும் வைத்துக்
கட்டிக்கொண்ட வீடு.
அங்கிருந்து சுடப்பட்டதெல்லாம் காட்டெருமைகள்தான்.
இனி அது ஓட்டல்.
பெங்களூர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள்:
மேலே ஒன்று, கீழே ஒன்று,
நடுவில் கோடு தெரியக் கூடாது.
பூட்டிப் பதினொரு வருஷம், உள்ளே ஒரு ஜீவன் கிடையாது,
தைரியமாக எடுக்கலாம்.

காற்று விடவில்லை.
சீகை மரங்களுக்குள் புகுந்து வந்து
ஒவ்வொரு தடவையும் கொத்தளத்தைப் பொடியாக நறுக்கியது.
அது ஓய்ந்தபோது ஒரு நாமக்கோழி
மதிலை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போனது.
ஜோகி காகிதப் பையைப் பிரித்து வர்க்கி நீட்டினார்.
கடித்தால் தண்ணீர் கலங்கிவிடும் போலிருந்தது,
வாயிலேயே ஊறவைத்துத் தின்றேன்.

ஐந்து நாற்பதுக்கு வெளிச்சம் வந்தது.
வந்தது என்றால்,
போகிற போக்கில் கொஞ்சம் நின்றது.
கல் முதலில் பாகின் நிறமானது,
பிறகு ஆறிய வெல்லத்தின் நிறம்.
காற்று எதையோ மறந்துவிட்டதுபோல்
திரும்பிப் போயிற்று.
எடுத்தேன். பதினேழு படம்.

திரையில் பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன்,
மேலே இருக்கும் வீடும் கீழே இருக்கும் வீடும் ஒன்றல்ல.
மேலே கூரையில் நீலத் தார்ப்பாய்.
கீழே அது இல்லை.
தண்ணீர் கூரையைப் பார்ப்பதில்லை.
தாழக் கிடக்கிற இடத்திலிருந்து
இறவாரத்தின் அடியைப் பார்க்கிறது,
மாடத்தின் வயிற்றைப் பார்க்கிறது,
நான் நின்ற உயரத்துக்கு
வளைவு மறைத்திருந்த
முகப்பின் உட்கூரையைப் பார்க்கிறது.

அங்கே ஒரு கொடிக்கயிறு.
கயிற்றில் சிவப்பு ஸ்வெட்டர். சின்னது.
தொங்கிய கைகள் இரண்டும்
தண்ணீரில் மேலே தூக்கியிருந்தன,
பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

நிமிர்ந்து நேரே பார்த்தேன்.
வளைவு. இருட்டு. பூட்டு.

ஆறு ஐந்துக்குத் தண்ணீருக்குள் யாரோ விளக்கேற்றினார்கள்.
மேலே எந்த ஜன்னலும் எரியவில்லை.
அதையும் எடுத்தேன்.

ஜோகி வால்வுச் சக்கரத்தில் கை வைத்தபடி
நான் எங்கே பார்க்கிறேன் என்று
பார்க்காமல் இருந்தார்.
அதற்கு எவ்வளவு பாடு வேண்டியிருக்கிறது.
"எந்த ஸ்கூல்?" என்றேன்.
வெகுநேரம் கழித்து, "கட்டபெட்டு. மூணாங் கிளாஸ்."
பிறகு, "மணி ஆயிடுச்சும்மா."

சக்கரம் முனகியது.
கோட்டை இடுப்பில் இளைத்தது,
கொத்தளங்கள் ஒன்றுக்குள் ஒன்று போயின,
மதிலின் பல்லெல்லாம் கொட்டிற்று.
விளக்கு மட்டும் நீண்டது,
அறுந்து, ஒட்டி, இன்னும் நீண்டு
இந்தக் கரை வரைக்கும் வந்து
முக்காலியின் காலடியில் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டரை அழித்தேன்.
நூல் நூலாக, ஒரு மணி நேரம்.
விளக்கை அழிக்கக் கை வரவில்லை.

பெங்களூரிலிருந்து பதில்:
பிரமாதம். தண்ணீரில் இடது பக்கம் மஞ்சளாக ஒரு புள்ளி, அது என்ன?

நட்சத்திரம் என்று எழுதினேன்.

மேலே காணோமே என்று கேட்பார்கள் என
இரண்டு நாள் இருந்தேன்.
கேட்கவில்லை, பணம் வந்துவிட்டது.
சித்திரையில் திறப்பு விழாவாம்.

இது தை.
இந்தப் பனியில் கம்பளி காய
எத்தனை நாள் ஆகும் என்று
யாரைக் கேட்பது?